அரிப்புக் கரையில் அல்லி ராணி

"அல்லி ராஜ்யம்" என்ற சொல்லைக் கேட்டிராத பெண்கள் பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஆண்களுக்கு வேலையில்லாத இடம், பெண்கள் வைத்ததே சட்டம் என்றால் அது அல்லி ராஜ்யம். தலைமைச் சிஸ்டர் முதல் மணி அடிக்கும் ஆயாம்மா வரை எல்லோரும் பெண்களாகவே இருக்கும் நம் பள்ளியை, ஆண்டு விழாவுக்கு வரும் அண்ணன்மார்கள் அப்படிச் சொல்லிச் சிரிப்பதை நாம் கேட்டுத்தான் இருக்கிறோம். வீட்டில் அம்மாவின் பேச்சு எடுபட்டுவிட்டால் தாத்தாவும் அதே சொல்லை எடுப்பார். ஆனால் அந்த அல்லி யார், அவளுடைய ராஜ்யம் எங்கே இருந்தது என்று திருப்பிக் கேட்டால் பதில் சொல்பவர் குறைவு. சென்ற ஆகஸ்டு மாதம் மடு மாதா திருவிழாவுக்காக இலங்கை சென்றபோது, அல்லியின் கோட்டை என்று மக்கள் காட்டும் இடத்தை நாங்கள் தோழிகள் இருவரும் கண்டு வந்தோம். அதைப் பற்றி நம் பள்ளி மாணவிகளுக்கு விளக்கமாகச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் கதை. வியாசரின் பாரதத்தில் அர்ச்சுனன் தீர்த்த யாத்திரையாகத் தெற்கே வருகிறான். மணலூர் அரசன் மகள் சித்திராங்கதையை மணக்கிறான். அங்கே அவளைப் பற்றிப் பேச்சு அதிகம் இல்லை. அந்தச் சிறு விதையிலிருந்துதான் அல்லி கதை முளைத்தது என்பார்கள். தமிழ்நாட்டு மக்கள் அதை ஆலமரமாகவே வளர்த்துவிட்டார்கள். "அல்லி அரசாணி மாலை" என்ற நாட்டுப்பாடல் நூல், திருவிழாக் கடைகளில் "பெரிய எழுத்து"ப் புத்தகமாக விற்று, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்ட நூல். ஆசிரியர் புகழேந்திப் புலவர் என்று அட்டையில் போட்டிருக்கும். நளவெண்பா பாடிய புகழேந்தி இவர் அல்லர் என்பது அறிஞர் கருத்து. இதன் தொடர்ச்சி போன்றது "பவளக்கொடி மாலை". சங்கரதாஸ் சுவாமிகள் இந்தக் கதைகளை நாடக மேடைக்குக் கொண்டுவந்தார். 1934-ஆம் ஆண்டு வெளிவந்த "பவளக்கொடி" தான் எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த முதல் படம். நம் எளாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தப் பாத்திரங்கள் புதியவை அல்ல.

அல்லி, அல்லி மலரில் கிடைத்த குழந்தை. பாண்டியன் எடுத்து வளர்க்கிறான். நாட்டைப் பறித்துக்கொண்ட நீன்முகன் என்பவனைச் சிறுமியாக இருக்கும்போதே போரில் வென்று மதுரையை ஆள்கிறாள். யானை ஏறுவாள், வாள் சுழற்றுவாள். காவலுக்கும் மந்திராலோசனைக்கும் பெண்களையே வைத்திருப்பாள். ஆண்மகன் யாரும் அவளை நெருங்க முடியாது. இவளைப் பற்றிக் கேள்விப்பட்ட அர்ச்சுனன் ஆசைப்படுகிறான். அவள் மறுத்துவிடுகிறாள். கண்ணன் துணையோடு பல சூழ்ச்சிகள் செய்கிறான். கடைசியில் பாம்பாக உருமாறி அரண்மனைக்குள் புகுந்து, அல்லி உறங்கிக்கொண்டிருக்கும்போது தாலியைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறான். விழித்துப் பார்த்த அல்லிக்கு எத்தகைய கோபம் வந்திருக்கும்! பிறகு போராட்டம், சமாதானம், புலந்திரன் என்ற மகன் என்று கதை நீள்கிறது. அந்தப் பிள்ளை விளையாடப் பவளத் தேர் கேட்க, பவளம் தேடிப் போன அர்ச்சுனன் அங்கே பவளக்கொடியைப் பார்த்து அவளையும் மணந்துகொண்டு வருகிறான் என்பது அடுத்த கதை. அர்ச்சுனனைப் பற்றி இதற்கு மேல் நாங்கள் ஒன்றும் சொல்வதற்கில்லை.

எங்களில் ஒருத்தி காதல் கதைகள் என்றால் உயிரை விடுவாள். மற்றவளுக்குச் சரித்திரம்தான் பிடிக்கும். இருவரும் விமானத்தில் ஏறியதிலிருந்து இதைப் பற்றித்தான் வாதாடினோம். கதைப் பிரியை, "என்ன இருந்தாலும் கடைசியில் அல்லி அவனை ஏற்றுக்கொண்டாளே!" என்றாள். சரித்திரப் பிரியை, "உறங்குகிறவளுக்குத் தாலி கட்டினால் அது எப்படிக் கலியாணம் ஆகும்?" என்றாள். கூட வந்த சிஸ்டர் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, திருமணம் என்ற அருட்சாதனத்தைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் என்ன படித்தீர்கள் என்று கேட்டார். மணமகனையும் மணமகளையும் குருவானவர் தனித்தனியே கேட்டு, இருவரும் தம் வாயால் சம்மதம் சொன்னால்தான் திருமணம். அந்தச் சம்மதத்தை வேறு எவரும், பெற்றோரே ஆனாலும், அவர்களுக்குப் பதிலாகத் தர முடியாது என்பது திருச்சபைச் சட்டம். கட்டாயத்தால் நடந்தது செல்லாது. "அப்படிப் பார்த்தால் அல்லி அன்று காலையிலேயே தாலியைக் கழற்றி எறிந்திருக்கலாம்" என்று சிஸ்டர் சொன்னபோது விமானத்தில் அடுத்த வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நிற்க. இலங்கைப் பயணம் இப்போது எளிது. நம் பாட்டனார் காலத்தில் எழும்பூரில் "போட் மெயில்" ஏறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். 1914-இல் தொடங்கிய அந்த வழி, 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு முடிந்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடி, 1980-களில் போர்ச்சூழலால் அதுவும் நின்றது. நாங்கள் போனது சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சிறு விமானத்தில். பலாலி விமான நிலையம் 2019-இல் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து பூநகரி வழியாக வேனில் மன்னார்ப் பக்கம். மடு மாதாவைப் பற்றி எழுத வேண்டுமானால் அது தனிக் கட்டுரை ஆகும். டச்சுக்காரர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670-இல், மாந்தையிலிருந்து 20 குடும்பத்தார் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தார்கள். அந்தக் காட்டிடமே மடு. டச்சுக்காரர் என்றால் நமக்குப் பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்கள். எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு கல்லறைத் தோட்டம் அமைத்தவர்கள். அதே கம்பெனிதான் அங்கும்.

திருவிழா முடிந்த மறுநாள் அரிப்புக்குப் போனோம். முருங்கன் என்ற ஊரில் பெருஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பிக் கடலை நோக்கிப் போக வேண்டும். வழியெல்லாம் முட்புதரும் வயலும் குளமுமாக இருந்தன. 1990-இல் இந்தப் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், 2009-இல் போர் முடிந்த பின் மெல்ல மெல்லத் திரும்பி வந்து மறுபடி வீடு கட்டிக்கொண்ட ஊர்கள் சாலையோரத்தில் இருக்கின்றன. அரிப்பில் கத்தோலிக்க மீனவர்களும் வாழ்கிறார்கள். ஊருக்குத் தெற்கே, கடலைப் பார்த்த செம்மண் மேட்டின் விளிம்பில் அந்தக் கட்டடம் நிற்கிறது. நிற்கிறது என்பதைவிடத் தொங்குகிறது எனலாம்.

கோட்டை என்றவுடன் அகழியும் கொத்தளமும் மனத்தில் வரும். இது அப்படியில்லை. பருத்த செங்கற் சுவர்கள் சில, கதவு இருந்த இடத்தில் ஓட்டைகள், பெரிய செங்கல் தூண்களின் மிச்சம். கூரை இல்லை. அங்கங்கே சுண்ணாம்புப் பூச்சு பால்போல் வெளுத்துப் படர்ந்திருக்கிறது. கடற்பக்கம் பாதிக் கட்டடம் இல்லவே இல்லை. ஆகஸ்டு மாதத்துச் சோளகக் காற்று முகத்தில் மணலை அறைந்தது. கீழே அலைக்குள் செங்கற் பாறைகள் கிடந்தன.

சற்றுத் தள்ளி நிழலில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "தாத்தா, இது என்ன இடம்?" என்று கேட்டோம்.

"அல்லி ராணியின்ர கோட்டை, பிள்ளையள். வெள்ளைக்காரன் பிறகு வந்து இருந்திட்டுப் போனவன்" என்றார். "என்ர சின்ன வயசில இந்தச் சுவருக்கு அங்கால எவ்வளவோ நிலம் கிடந்தது. கடல் தின்னுது."

எங்கள் ஊரைக் கேட்டார். எளாவூர் என்றால் தெரியாதென்று, பழவேற்காடு ஏரியைச் சொன்னோம். அங்கே மாதா கோயில் இருக்கிறதா என்றார். போர்த்துக்கீசியர் காலத்து மகிமை மாதா கோயில் இருக்கிறது என்றதும் அவருக்கு மகிழ்ச்சி. கடல் அங்கும் கரையைத் தின்கிறதா என்று கேட்டார். கோரைக்குப்பம் பக்கம் வந்து பார்த்தால் தெரியும் என்றோம். ஊரின் பெயரே அரிப்பு! தமிழில் கரையைக் கடல் தின்பதற்கும் அதே சொல் அல்லவா?

இனி சரித்திரப் பிரியையின் முறை. ஏடுகளின்படி இந்தக் கட்டடத்துக்கும் அல்லிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1801-க்கும் 1804-க்கும் இடையில் இதைக் கட்டியவர் பிரெடெரிக் நார்த் என்பவர்; இலங்கையின் முதல் ஆங்கிலக் கவர்னர், 1798 முதல் 1805 வரை பதவியில் இருந்தவர். அமெரிக்கா விடுதலைக்குப் போராடியபோது இங்கிலாந்தின் பிரதமராக இருந்தாரே நார்த் பிரபு, அவருடைய மகன். 1796-இல் டச்சுக்காரரிடமிருந்து இலங்கைக் கடற்கரையைப் பிடித்த ஆங்கிலேயருக்கு மன்னார்க் கடலின் முத்து பெரிய வருமானம். முத்துக்குளிப்பு நடக்கும் மாதங்களில் கவர்னர் வந்து தங்கி மேற்பார்வை செய்வதற்காகவே இந்த மாளிகை எழுந்தது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் "டோரிக்".

அது என்ன டோரிக்? பழைய கிரேக்கர் தூண்களில் மூன்று வகை உண்டு: டோரிக், அயோனிக், கொரிந்தியன். மூன்றிலும் எளியது டோரிக். இலை, பூ, சுருள் என்று எந்த வேலைப்பாடும் இல்லாமல் பருத்து நிற்கும். ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தெனான் கோயிலின் தூண்கள் இந்த வகைதான். முட்புதர் மண்டிய முத்துக்கரையில் கிரேக்கக் கோயில் எதற்கு என்று வியப்பாக இருக்கிறது அல்லவா? நார்த் கிரேக்க நாட்டின்மேல் தீராத காதல் கொண்டவர். இளமையிலேயே அங்கே சென்று கிரேக்க மரபுவழித் திருச்சபையில் சேர்ந்தவர். இலங்கையை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் கழித்து, 1824-இல், கார்ப்பூ தீவில் அயோனியக் கழகம் என்ற பல்கலைக்கழகத்தை நிறுவி, தாமும் பேராசிரியர்களும் பண்டைக் கிரேக்கரைப் போல அங்கி அணிய ஏற்பாடு செய்தவர். அப்படிப்பட்டவர் தாமே வரைபடம் போட்டுக் கட்டிய வீடு வேறு எப்படி இருக்கும்? கொழும்பில் படைக் குருவாக இருந்த ஜேம்ஸ் கார்டினர், 1807-இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இந்த மாளிகையை மிகவும் புகழ்ந்திருக்கிறார்.

செங்கல்லின்மேல் பூசியிருந்த அந்த வெண்மை, சிப்பியைச் சுட்டு அரைத்த சுண்ணாம்பு. இது நமக்குப் புதிதல்ல. நம் ஏரிக்கரையில் சுண்ணாம்புக்குளம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஏரியில் எடுத்த கிளிஞ்சல்தான் சென்ற தலைமுறை வரை இந்தப் பக்கத்து வீட்டுச் சுவர்களை வெளுப்பாக்கியது. இருநூறு ஆண்டு உப்புக்காற்றில் செங்கல் உதிர்ந்திருக்க, பூச்சு மட்டும் சில இடங்களில் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்ததைத் தொட்டுப் பார்த்தோம்.

அப்படியானால் கவர்னர் வீட்டை மக்கள் ஏன் அல்லிக்குக் கொடுத்துவிட்டார்கள்? இதற்கு எங்களுக்குத் தோன்றும் காரணங்கள் உண்டு. அரிப்புக்குத் தெற்கே குதிரைமலை என்ற முனையில் அல்லி ராணியின் அரண்மனை இருந்தது, அவள் முத்துக்கரையை ஆண்டாள், அந்த அரண்மனையைக் கடல் கொண்டுவிட்டது என்று அந்தப் பகுதியில் நெடுங்காலமாகக் கதை வழங்குகிறது. கதை முன்பே இருந்தது. அதற்கு ஒரு சுவர் தேவைப்பட்டது. மாளிகையோ விரைவில் ஆளின்றிப் பாழடைந்தது. மேலும், ஆண்டுக்குச் சில வாரம் வந்து மேன்மாடியில் அமர்ந்து, பிறர் மூழ்கி எடுத்த முத்தை எண்ணிக்கொண்டு போன துரையை நினைவில் வைத்துக்கொள்ள மக்களுக்கு என்ன அவசியம்? அல்லியாவது நம் மொழி பேசியவள்! துரைகளுக்குக் கிடைத்தது வருமானம், அல்லிக்குக் கிடைத்தது வீடு. இந்தப் பங்கீட்டில் கிடைக்காமல் போனவர்கள் முத்துக்குளித்தவர்கள்தாம். அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த இடத்தைப் பற்றிச் சொன்னதாக ஆகாது.

முத்துக்குளிப்பு, தென்மேற்குக் காற்று எழுவதற்கு முன், கடல் அமைதியாக இருக்கும் மாசி, பங்குனி மாதங்களை ஒட்டி நடக்கும். தூத்துக்குடி, கீழக்கரை, யாழ்ப்பாணம் என்று எங்கெங்கிருந்தோ தோணிகள் வந்து சேரும். வெறும் மணலில் ஓலைக் குடிசைகளாலான ஒரு நகரம் முளைக்கும். வியாபாரிகளோடு சேர்த்துப் பல்லாயிரம் பேர் கூடுவார்கள். சில வாரங்களில் அந்த நகரம் மறைந்தும் போகும். நள்ளிரவுக்குமேல் நிலத்திலிருந்து வீசும் காற்றில் தோணிகள் புறப்படும். விடிந்ததும் குளிக்கத் தொடங்கி, நண்பகலில் கடற்காற்று எழும்போது திரும்பும். குளிப்பவர் சுமார் 15 கிலோ எடையுள்ள கல்லைக் கட்டிய கயிற்றில் காலை வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். அடியில் கல்லை விட்டுவிடுவார். அது மேலே இழுக்கப்படும். இடுப்பிலோ கழுத்திலோ மாட்டிய வலைக்கூடையில் கைக்கு அகப்பட்ட சிப்பிகளையெல்லாம் வாரிப் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பார். ஒரு நிமிடம், அல்லது கொஞ்சம் கூட. அதற்குள் மேலே வர வேண்டும். ஒரு நாளில் இப்படிப் பல முறை. வாரி வந்த சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டுக் கழுவித்தான் முத்தெடுப்பார்கள். அந்த நாற்றம் பல மைல் வீசுமாம்! பிற்கால ஆங்கில ஆட்சியில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு.

மேலே தோணியில் கயிறு பிடித்திருப்பவர் யார் என்பது முக்கியம். முத்துக்குளித்துறைப் பக்கம் ஒரு வழக்கம் சொல்வார்கள். கயிறு பிடிக்க அண்ணன் தம்பியை நம்பமாட்டார்களாம். மச்சானைத்தான், அதாவது மனைவியின் அண்ணனையோ தம்பியையோதான் வைத்துக்கொள்வார்களாம். பங்காளி கைவிட்டாலும் விடுவான். மச்சானுக்கு மட்டும் தன் அக்காள் தங்கையின் தாலி அந்தக் கயிற்று நுனியில் கிடக்கிறது என்று தெரியும். இதைக் கேட்டபோது எங்கள் வாதம் கொஞ்ச நேரம் நின்றுபோயிற்று. பாம்பாக வந்து இருட்டில் கட்டிவிட்டுப் போன தாலியின் கதை அந்தச் சுவருக்கு. எதிரே கடலில், ஒரு தாலிக்காகக் கை கடுக்கக் கயிறு பிடித்து நின்றவர்களின் கதை. இரண்டாவதற்கு நூலும் இல்லை, நாடகமும் இல்லை. கரையில் காத்திருந்த அந்தப் பெண்களை நினைத்தோம். தமிழ் வகுப்பில் நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். மீனவர் வீட்டுப் பிள்ளைகளான நம்மில் பலருக்கு அதற்கு உரை தேவையில்லை. புயல் எச்சரிக்கை வந்தும் படகு திரும்பாத இரவில் நம் அம்மாமார் முகத்துவாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதே அது.

சுறாவுக்கும் அஞ்ச வேண்டும். அதற்காகக் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி அவர் மந்திரம் ஓதுவார். அவர் இல்லாமல் யாரும் நீரில் இறங்க மாட்டார்கள். குளித்தவர்களில் பலர் பரதவர். 1530-களில் ஞானஸ்நானம் பெற்று, 1542-இல் அர்ச். பிரான்சிஸ் சவேரியார் வந்து வேதம் போதித்த மக்கள். அவர்களும் ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே கடல்கட்டியையும் தேடினார்கள். இதைப் பற்றிச் சிஸ்டருடைய கருத்தை நாங்கள் கேட்கவில்லை.

இந்தக் கரையைக் காணாமலே இதைப் பற்றிப் பாடியவர்களும் உண்டு. ஆங்கிலக் கவி ஜான் கீட்ஸ் 1820-இல் வெளியிட்ட "இஸபெல்லா" என்ற காதல் காவியம் இத்தாலியில் நடப்பது. இஸபெல்லாவின் அண்ணன்மார் பணக்கார வியாபாரிகள். தங்கை ஏழையைக் காதலித்ததற்காக அவனைக் கொன்றவர்கள். அவர்களுடைய செல்வம் எப்படி வந்தது என்று சொல்லும் இடத்தில், சுறாவுக்கு நடுவே மூழ்கும் இலங்கை முத்துக்குளிப்பவரைக் கீட்ஸ் கொண்டுவருகிறார். காதலைப் பாட வந்த கவிஞர், அந்த மாலையில் கோத்த முத்து யாருடைய மூச்சு என்பதையும் நினைத்தாரே என்று எங்களுக்கு அவர்மேல் மதிப்பு உண்டாயிற்று. 25 வயதில் இறந்துபோனவர்.

பிரான்சு நாட்டு இசைமேதை பிஸே 24 வயதில் எழுதிய "முத்துக்குளிப்போர்" என்ற இசைநாடகம் 1863-இல் பாரிசில் அரங்கேறியது. இலங்கைக் கரையில் நடப்பதாகக் கதை. நதீர், ஸுர்கா என்று இரு நண்பர்கள். லேய்லா என்ற முக்காடிட்ட கன்னி. முத்துக்குளிப்பவருக்கு ஆபத்து வராமல் பாறைமேல் நின்று இரவெல்லாம் பாடி வேண்டிக்கொள்வதே அவளுடைய கடமை. நண்பர் இருவரும் முன்பு அவளையே விரும்பி, நட்புக்காக விட்டுக்கொடுப்பதாகச் சத்தியம் செய்தவர்கள். இதைப் படித்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையில் கரையில் நின்று மந்திரம் சொன்னவர் கடல்கட்டி. பாரிசுக்காரர்கள் அந்தப் பெரியவரைப் பாட்டுப் பாடும் அழகியாக மாற்றிவிட்டார்கள்! ஆனாலும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து பாடும் பாட்டு உலகப் புகழ் பெற்றது. கதைப் பிரியை அதை வேனில் மூன்று முறை போட்டுக் கேட்கவைத்தாள். மொழி புரியாவிட்டாலும் கேட்கலாம்.

நேரில் கண்டு எழுதியவர் ஒருவர் உண்டு. லியோனார்டு உல்ப் என்ற இளம் ஆங்கில அதிகாரி 1906-இல், அரிப்புக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் வேலை பார்த்தார். பின்னாளில் நாவலாசிரியை வர்ஜீனியாவை மணந்தவர். அந்தக் கரையை வைத்து அவர் எழுதிய "முத்தும் பன்றியும்" என்ற சிறுகதையில் காதல் கிடையாது. முத்தைப் பன்றிக்கு முன் எறியாதீர்கள் என்ற சுவிசேஷ வாக்கை நினைவூட்டும் தலைப்பைப் பார்த்தாலே, யாரைப் பன்றி என்கிறார் என்று ஊகிக்கலாம். அதே 1906-இல் முத்துப்பார்கள் ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளிலேயே சிப்பி இல்லாமல் போய் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. நம் தூத்துக்குடிப் பக்கத்தில் அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது.

அரிப்பில் இன்னொரு கோட்டையும் இருக்கிறது. போர்த்துக்கீசியர் கட்டி டச்சுக்காரர் கைக்கு வந்த சிறிய கோட்டை. மாளிகையிலிருந்து வடக்கே, ஊருக்குள். அதைத்தான் நாங்கள் அதிக நேரம் பார்த்தோம். 1660-இல் திருகோணமலைப் பக்கம் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறத்தாழ 20 ஆண்டு திரும்ப முடியாமல் இருந்த ராபர்ட் நாக்ஸ் என்ற மாலுமி, 1679 அக்டோபர் மாதம் இங்கேதான் வந்து சேர்ந்தார். தனியாக அல்ல, ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரோடு. இருவரும் பொருள் விற்பவர்கள்போல ஊர் ஊராக நடந்து, அனுராதபுரக் காட்டைக் கடந்து, ஆற்றின் போக்கிலேயே யானைக்கும் ஆட்களுக்கும் ஒளிந்து ஒளிந்து வந்து, இந்தக் கோட்டை வாசலில் நின்றார்கள். டச்சுக்காரர் அன்போடு வரவேற்றார்கள். கத்தோலிக்கரைக் காட்டுக்குள் விரட்டிய அதே டச்சுக்காரர், அதே பத்தாண்டுக்குள்! நாக்ஸ் 1681-இல் வெளியிட்ட நூலைப் படித்திருந்த டேனியல் டீபோ, 1719-இல் எழுதிய "ராபின்ஸன் குரூஸோ"வுக்கு அதிலிருந்தும் பொருள் எடுத்தார் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆறாம் வகுப்பில் துணைப்பாடமாக ராபின்ஸன் குரூஸோவைப் படித்தபோது அவனுடைய தீவு நம் கரைக்கு இவ்வளவு பக்கம் என்று யார் சொன்னார்கள்? கதைப் பிரியையும் சரித்திரப் பிரியையும் ஒருமனதாக ஒப்புக்கொண்டது இந்த இடத்தில்தான். அல்லியும் அர்ச்சுனனும் வேண்டாம், லேய்லாவும் நதீரும் வேண்டாம். ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் காட்டைக் கடந்து வந்த இந்த இருவர் போதும் என்று தோன்றியது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மடு அல்லது மன்னாரிலிருந்து அரிப்புக்கு அரை நாள் போதும். காலையிலேயே போய்விட வேண்டும். கோட்டை இருக்கும் மேட்டில் நிழல் கிடையாது. குடிதண்ணீரும் தொப்பியும் கட்டாயம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கண்ணுக்குள் மணல் போகும். பிப்ரவரி, மார்ச்சில் கடல் அமைதியாக இருக்கும். இடையில் வங்காலைப் பக்கம் நீர்ப்பறவைகள் நிறைந்த காயல் உண்டு; பூநாரைகளைப் பார்த்தால் பழவேற்காடு ஏரி என்றே நினைக்கத் தோன்றும். சுவரின்மேல் ஏறவோ, படம் எடுப்பதற்காகக் கடற்பக்க விளிம்பில் நிற்கவோ கூடாது. அடியில் மண் இல்லாமல் செங்கல் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் மேலிருந்து தெரியமாட்டா. முதலில் கீழே கடற்கரையில் நடந்து, அண்ணாந்து பார்த்து, எந்தப் பக்கம் உறுதியாக இருக்கிறது என்று அங்குள்ள மீனவரிடம் கேட்டுக்கொண்டு அதன்பின் மேலே போகலாம்.